இரண்டு மிட்டாய்க்காகக் காத்திருந்த குழந்தைகள்

மனத்தை அளந்தவர்கள் – அத்தியாயம் 17

சென்ற வாரம் யேல் பல்கலைக்கழகத்தில், ஸ்டான்லி மில்கிராமின் மின் அதிர்ச்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர்களைப் பார்த்தோம். ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவருடைய குணம் தீர்மானிக்கிறதா, அவர் மாட்டிக்கொண்ட சூழ்நிலை தீர்மானிக்கிறதா என்ற கேள்வி அங்கே பாதியில் நின்றது. அதே 1960களில், அமெரிக்காவின் மறுகோடியில், இன்னொருவர் அந்தக் கேள்வியை நான்கு வயதுக் குழந்தைகளிடம் எடுத்துச் சென்றார்.

மார்ஷ்மெல்லோ சோதனை என்றதும் பலருக்குக் கதை நினைவுக்கு வந்துவிடும். குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாய். பொறுத்திருந்தால் இரண்டு. பொறுத்த குழந்தைகள் வளர்ந்து வாழ்க்கையில் வென்றார்கள், பொறுக்காதவர்கள் பின்தங்கினார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைகளில் இதைச் சொல்கிறார்கள். பெற்றோர்கள் வீட்டிலேயே தட்டை வைத்து, செல்பேசியில் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். இந்தக் கதையில் முதல் பாதிதான் சோதனை. இரண்டாம் பாதி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எப்படி ஒட்டியது, எப்படிக் கழன்றது என்பதுதான் இந்த அத்தியாயம்.

வால்டர் மிஷெல் 1930இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிக்மண்ட் பிராய்டின் வீடு நடந்து போகிற தூரம்தான். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது மிஷெலுக்கு எட்டு வயது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குத் தப்பியது. கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறி, சில்லறைச் சாமான் கடை ஒன்று வைத்துப் பிழைத்தது. நேற்றுவரை இருந்த வீடும் ஊரும் மரியாதையும் ஒரே வாரத்தில் பறிபோவதைக் கண்ணால் பார்த்த சிறுவன் அவர். ‘நாளைக்குக் கிடைக்கும்’ என்ற வாக்கை யாரால் நம்ப முடியும், யாரால் முடியாது என்பதைப் பிற்காலத்தில் அவர் ஆராயப் போனதற்கும் இந்தப் பிள்ளைப்பருவத்துக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1950களின் நடுவில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, மிஷெல் டிரினிடாட் தீவுக்குப் போனார். அப்போதைய மனைவி பிரான்சிஸ் மானுடவியலாளர். அங்கே ஷாங்கோ வழிபாட்டில் நடக்கும் சாமியாட்டத்தை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கூடப் போன மிஷெலின் காதில் விழுந்தது வேறொன்று. தீவின் தென்பகுதியில் இரண்டு சமூகங்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தன. ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். மற்றொன்று, 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழிவந்தோர். அந்த இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. “அவர்களுக்கு இன்றைக்குக் கூத்தடித்தால் போதும், நாளையைப் பற்றிக் கவலையே கிடையாது” என்று இந்தியர்கள் சொன்னார்கள். “இவர்கள் காசை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்து வாழத் தெரியாமல் சாகிறவர்கள்” என்கிற மாதிரி மற்றவர்கள் சொன்னார்கள்.

ஊர்ப்பேச்சைச் சோதித்துப் பார்க்கலாம் என்று மிஷெல் உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகளிடம் போனார். சில கேள்விகளைக் கேட்டு எழுதவைத்துவிட்டு, நன்றியாக மிட்டாய் தருவதாகச் சொன்னார். இப்போதே வேண்டுமென்றால் சின்னது. அடுத்த வாரம் வரும்போது வாங்கிக்கொள்வதென்றால் பெரியது. ஊர்ப்பேச்சு முதலில் பலித்தது போலத்தான் இருந்தது. இந்தியக் குழந்தைகளில் கூடுதலானோர் பெரிய மிட்டாய்க்குக் காத்திருக்கச் சம்மதித்தார்கள். ஆனால் மிஷெல் இன்னொன்றையும் குறித்து வைத்திருந்தார்: வீட்டில் அப்பா இருக்கிறாரா? ஆப்பிரிக்க வழிக் குழந்தைகளில் பலருடைய அப்பா உடன் வாழவில்லை. அப்பா இருக்கும் வீட்டுக் குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது இரு இனங்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது.

1958இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வை நான் முக்கியமாக நினைக்கிறேன். எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரர் அடுத்த வாரம் மிட்டாயோடு திரும்புவார் என்று ஒரு குழந்தை எதை வைத்து நம்பும்? சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஆண்களை வீட்டில் பார்த்திராத குழந்தை கையில் கிடைப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன தவறு? பொறுமைக்கு முன்னால் நம்பிக்கை வேண்டும். அரை நூற்றாண்டுக்குப் பிறகு மற்றவர்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடத்தில் மிஷெல் தொடக்கத்திலேயே நின்றிருந்தார்.

இடையில் ஒரு வேலை. கென்னடி தொடங்கிய பீஸ் கோர் திட்டத்தில் நைஜீரியாவுக்குப் போகவிருந்த ஆசிரியர்களில் யார் நன்றாக வேலை செய்வார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று பார்த்தார். நிபுணர்கள் நேர்காணல் நடத்தி, குணநலன்களை எடைபோட்டுக் கொடுத்த மதிப்பீடுகள் களத்தில் பொய்த்துப்போயின. இதையும் இதைப் போன்ற பல ஆய்வுகளையும் வைத்து 1968இல் அவர் எழுதிய ‘ஆளுமையும் மதிப்பீடும்’ என்ற நூல் உளவியல் துறையையே உலுக்கியது. ஒருவருடைய குணத்தை ஒரு சோதனையில் அளந்து, அதை வைத்து அவருடைய நடத்தையைக் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றது அது. வீட்டில் அடங்காத பிள்ளை பள்ளியில் சாது. அலுவலகத்தில் கறாரான மனிதர் பேரக்குழந்தை முன்னால் மெழுகு. இடம் மாறினால் ஆள் மாறுகிறார்.

இதை எழுதிய அதே மனிதரின் பெயரில்தான், ஒரே ஒரு மிட்டாயை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் உலகம் முழுவதும் பரவியது.

1962இல் மிஷெல் கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். வளாகத்திலேயே 1966இல் பிங் மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படித்த பள்ளி. ஒருபக்கம் மட்டும் பார்க்கக்கூடிய கண்ணாடிகளை வைத்து, ஆராய்ச்சிக்கென்றே கட்டியது. அங்கே ஒரு சிறிய அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசையில் ஓர் அழைப்பு மணி.

குழந்தையோடு கொஞ்ச நேரம் விளையாடி நட்பான பிறகு, ஆராய்ச்சியாளர் அந்த அறைக்குக் கூட்டிவருவார். எது பிடிக்கும் என்று குழந்தையிடமே கேட்பார்கள்: பிஸ்கட், பிரெட்சல் என்ற உப்புத் தின்பண்டம், அல்லது சர்க்கரையும் ஜெலட்டினும் நுரைக்க அடித்துச் செய்த அந்த மெத்தென்ற வெள்ளை மார்ஷ்மெல்லோ. (1970இல் வந்த முதல் கட்டுரையில் மார்ஷ்மெல்லோவே கிடையாது, பிஸ்கட்டும் பிரெட்சலும்தான்.) பிறகு விதி. “நான் வெளியே போகிறேன். நானாகத் திரும்பி வரும்வரை இருந்தால் உனக்குப் பிடித்தது கிடைக்கும். முடியவில்லையென்றால் மணியை அடி, உடனே வந்துவிடுவேன். ஆனால் அப்போது மற்றது மட்டும்தான்.” முன்னதாகச் சில முறை மணியடித்துப் பழக்குவார்கள். அடித்ததும் ஆள் ஓடிவருவதைப் பார்த்துக் குழந்தைக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக. டிரினிடாடில் கற்ற பாடம் இங்கே உதவியது.

கதவு சாத்தப்படும். எவ்வளவு நேரம் என்று குழந்தைக்குத் தெரியாது. அதிகபட்சம் 15 நிமிடம். நான்கு வயதில் அது ஒரு யுகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் பார்த்த காட்சிகளை மிஷெல் கடைசிவரை ஆசையோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டது. ஒன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. காலால் மேசையை உதைத்தன, பாட்டைக் கட்டிப் பாடின, தலையைக் கவிழ்த்துத் தூங்கப் பார்த்தன. ஒரு குழந்தை கிரீம் பிஸ்கட்டை மெல்லப் பிரித்து, நடுவிலிருந்த கிரீமை நக்கிவிட்டு, மறுபடி மூடித் தட்டில் வைத்தது.

மிஷெல் தேடியது எந்தக் குழந்தை பொறுமைசாலி என்பதை அன்று. எதை மாற்றினால் எல்லாக் குழந்தைகளின் பொறுமையும் கூடும், எதை மாற்றினால் குறையும் என்பதைத் தேடினார். எபி எபசன் என்ற மாணவரோடு செய்த முதல் சோதனையில் தின்பண்டத்தைக் கண்முன் வைப்பதா, மறைப்பதா என்பதை மட்டும் மாற்றினார்கள். கண்முன் இருந்தால் காத்திருப்பது எளிதாகும் என்று எதிர்பார்த்தார்கள். விரும்பும் பொருளை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் குழந்தையால் தாமதத்தைத் தாங்க முடிகிறது என்பது பிராய்டு சொல்லிவைத்த கருத்து. நடந்தது நேர் எதிர். இரண்டு பண்டங்களும் கண்முன் இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தன. இரண்டையும் மறைத்தபோது 11 நிமிடத்துக்கு மேல். வியன்னாவில் அடுத்த தெருக்காரராக இருந்த பிராய்டின் கருத்து, கலிஃபோர்னியாவின் ஒரு மழலையர் பள்ளியில் இப்படி விழுந்தது.

1972இல் வெளியான அடுத்த சோதனைகள் இதைவிடச் சுவையானவை. அறையை அப்படியே வைத்துக்கொண்டு, குழந்தையின் மனத்தில் ஓடுவதை மட்டும் மாற்றினார்கள். “அம்மா ஊஞ்சல் ஆட்டிவிடுவது மாதிரி சந்தோஷமான எதையாவது நினைத்துக்கொண்டிரு” என்று சொல்லிவிட்டுப் போனால், பண்டம் கண்முன் இருந்தபோதும் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தன. பண்டத்தை மறைத்துவிட்டு “அந்த மிட்டாயையே நினைத்துக்கொண்டிரு” என்று சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பிறகு வந்த ஓர் ஆய்வில், முன்னால் இருப்பது நிஜ மிட்டாய் இல்லை, வெறும் படம், மனத்துக்குள் அதைச் சுற்றி ஒரு சட்டம் போட்டுக்கொள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். காத்திருக்கும் நேரம் பல மடங்கு நீண்டது. எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு, படத்தைச் சாப்பிட முடியாதே என்றது ஒரு குழந்தை.

சோதனையின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். ஒரே குழந்தை, ஒரே மிட்டாய், ஒரே அறை. ஒரு வாக்கியம் மாறினால் ஒரு நிமிடப் பொறுமை பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டிய குழந்தைகள் தோற்றன. ஆசையிலிருந்து கவனத்தைத் திருப்பத் தெரிந்தவை ஜெயித்தன. அதைச் சொல்லிக்கொடுக்கவும் முடியும்.

மிஷெல் இதைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்தவர். நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். போதாததற்குப் பைப்பும் உண்டு. ஒருநாள் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை நடைபாதையில் ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதைப் பார்த்தார். மழித்த தலையில் கதிர்வீச்சு செலுத்த வேண்டிய இடங்களைப் பச்சை மையில் குறித்திருந்தார்கள். நுரையீரல் புற்றுநோய், உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார் செவிலியர். அதன் பிறகு சிகரெட் ஆசை எழும்போதெல்லாம் அந்தத் தலையை மனத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். புகைப்பதை விட்டுவிட்டார்.

இனி, கதை திரும்பிய இடம். மிஷெலின் மூன்று மகள்களும் பிங் பள்ளியில் படித்தவர்கள். ஆண்டுகள் கழித்து, சாப்பாட்டு மேசையில் பழைய வகுப்புத் தோழர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தபோது, அன்று நெடுநேரம் காத்திருந்த பிள்ளைகள் பள்ளியிலும் நன்றாக இருப்பது போல அவருக்குப் பட்டது. 1968க்கும் 1974க்கும் இடையே சோதனையில் கலந்துகொண்ட 600க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோர்களைத் தேடத் தொடங்கினார். யூச்சி ஷோடா, பிலிப் பீக் ஆகியோரோடு 1990இல் வெளியிட்ட கட்டுரை, காத்திருந்த நேரத்துக்கும் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாகச் சொன்னது.

எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து? தின்பண்டம் கண்முன் இருந்து, எந்த உத்தியும் சொல்லித்தரப்படாத குழந்தைகளிடம் மட்டுமே இந்தத் தொடர்பு தெரிந்தது. அவர்களில் மதிப்பெண் கிடைத்தவர்கள் 35 பேர். எல்லோரும் ஒரு பணக்காரப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள். வேறு மக்களிடம் ஆராய்ந்து உறுதிசெய்யும்வரை நிதானமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வரியை யார் படித்தார்கள்? 1995இல் டேனியல் கோல்மனின் ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ இதை உலகறியச் செய்தது. 2009இல் நியூயார்க்கர் இதழ் நீண்ட கட்டுரை வெளியிட்டது. அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் கிப் பள்ளிகளில் ‘மார்ஷ்மெல்லோவைச் சாப்பிடாதே’ என்று அச்சிட்ட சட்டைகள் வந்தன. உன் நிலைக்கு உன் பொறுமையின்மையே காரணம் என்பதை ஒரு ஏழைக் குழந்தையின் நெஞ்சிலேயே எழுதிவைத்தது போன்றது அது. எனக்கு அதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

மறுப்பு வந்தது ஒரு வீடற்றோர் விடுதியிலிருந்து. கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் அப்படியொரு விடுதியில் சேவை செய்த செலஸ்ட் கிட், அங்கே குழந்தைகளுக்குக் கிடைத்த பொம்மையோ தின்பண்டமோ மறுநிமிடமே வேறொருவர் கைக்குப் போய்விடுவதைப் பார்த்தார். இவர்கள் முன்னால் மார்ஷ்மெல்லோவை வைத்தால் உடனே தின்றுவிடுவார்கள், அதுதான் புத்திசாலித்தனமும்கூட என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து அதைச் சோதித்தார்.

முதலில் படம் வரையும் விளையாட்டு. மேசையில் தேய்ந்துபோன கிரேயான்கள். “கொஞ்சம் பொறு, இதைவிட நல்லதை எடுத்து வருகிறேன்” என்று ஆராய்ச்சியாளர் போவார். பாதிக் குழந்தைகளுக்குத் தட்டு நிறையப் புதுச் சாமான்கள் வந்தன. மீதிப் பாதிக்கு வெறுங்கை: “மன்னித்துக்கொள், இருப்பதாக நினைத்தேன், இல்லை.” அடுத்து ஸ்டிக்கர், அதிலும் அப்படியே. மூன்றாவதாக மார்ஷ்மெல்லோ. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாற்றப்பட்டவை 3 நிமிடம். முதல் குழுவின் 14 பேரில் 9 பேர் கடைசிவரை இருந்தார்கள். இரண்டாவதில் ஒரே ஒரு குழந்தை. அரைமணி நேரத்துக்குள் இரண்டு சின்ன ஏமாற்றங்கள் இவ்வளவு செய்தன என்றால், பிறந்ததிலிருந்தே ஏமாற்றத்தைப் பார்த்து வளர்ந்த குழந்தையிடம் என்ன பொறுமையை எதிர்பார்ப்பது?

2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனான் க்வான் ஆகிய மூவரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாத தாய்மார்களின் பிள்ளைகள்தான் அவர்களுடைய முதன்மைக் குழு. நான்கரை வயதுப் பொறுமைக்கும் பதினைந்து வயது மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் பழைய ஆய்வில் பாதி அளவுதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சிறுவயது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது.

பண்பாடும் உள்ளே வந்தது. கேமரூன் நாட்டின் என்சோ மக்களின் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு, ஊரில் விரும்பித் தின்னும் பப்-பப் என்ற எண்ணெயில் பொரித்த மாவுருண்டையை வைத்தார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் குழந்தைகள் கடைசிவரை காத்திருந்தன. சில அப்படியே தூங்கிவிட்டன. அதே சோதனையில் ஜெர்மானிய நடுத்தர வர்க்கப் பிள்ளைகளில் காத்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2022இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஜப்பானியக் குழந்தைகள் உணவுக்கு நெடுநேரம் பொறுத்தன, பரிசுப் பொட்டலம் என்றதும் பொறுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைகள் நேர்மாறு. எல்லோரும் உட்காரும்வரை சாப்பாட்டில் கைவைக்காத வழக்கம் ஜப்பானிய வீடுகளில் உண்டு. பரிசைப் பிரிக்க கிறிஸ்துமஸ்வரை காத்திருப்பது அமெரிக்க வழக்கம். வீட்டில் பழகியதைத்தான் பிள்ளைகள் அறையிலும் செய்தன.

மிஷெல் இந்தத் திருத்தங்களோடு சண்டை போடவில்லை. 2014இல் தம் 84வது வயதில் எழுதிய நூலில், இந்தச் சோதனை யாருடைய தலையெழுத்தையும் சொல்வதில்லை, தன்னடக்கம் கற்றுக்கொள்ளக்கூடிய திறன் என்றுதான் வலியுறுத்தினார். அதற்குள் பிங் குழந்தைகள் நடுவயதை எட்டியிருந்தார்கள். அவர்களையே மறுபடி தேடிப்பிடித்து, சேமிப்பு, கடன், வருமானம் என்று விசாரிக்கும் ஆய்வு தொடங்கியது. எந்த முடிவு வந்தால் எப்படிப் பொருள்கொள்வது என்பதை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு நடந்த ஆய்வு அது. மிஷெலும் அந்தக் குழுவில் ஒருவர்.

2018 செப்டம்பர் 12 அன்று அவர் நியூயார்க்கில் காலமானார். கட்டுரை 2020இல் வெளிவந்தது. 113 பேரின் விவரங்களை அலசிய அந்த ஆய்வு, மழலையர் பள்ளியில் காத்திருந்த நிமிடங்களை மட்டும் வைத்து அவர்களுடைய நடுவயதுப் பொருளாதார நிலை எதையும் கணிக்க முடியவில்லை என்று முடித்தது. அதன் ஆசிரியர் வரிசையில் வால்டர் மிஷெல் பெயரும் இருக்கிறது.

(தொடரும்)